நாலும் மூணும் ஏழு

பயாப்சி ரிப்போர்ட்டின் நடுவில் 4+3=7 என்று அச்சாகியிருந்தது. மாமா அந்த இடத்தில் விரலை வைத்து, "பத்துக்கு ஏழுன்னா எழுபது பர்சன்ட்டு பரவிப்போச்சுன்னா அர்த்தம், மாப்ள?" என்று கேட்டார். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததால் குரலைத் தணித்துத்தான் கேட்டார். அறுபத்தெட்டு வயது. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அத்தை காதில் விழக் கூடாது என்று என்னை உடுமலை தளி ரோட்டு டீக்கடைக்குக் கூட்டி வந்திருந்தார்.

அந்த ஏழு, நோய் எவ்வளவு பரவியது என்பதைச் சொல்லவே சொல்லாது. அது என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால் புராஸ்டேட் என்பது என்ன, எங்கே இருக்கிறது என்று தொடங்கினேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிற ஆண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மூத்திரப் பைக்கு நேர் கீழே, ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சிறிய சுரப்பி அது. வாலிப வயதில் சுமார் 20 கிராம் எடை. சிறுநீர்க் குழாய் அதன் நடுவில் புகுந்து வெளியே வருகிறது. ஐம்பதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு அது பெருக்கும், குழாயை நெருக்கும். இரவில் நாலு தடவை எழுந்திருப்பது, நின்று நின்று போவது, முக்கிப் போவது எல்லாம் அதனால்தான். "சதை வளர்ந்திருக்கு" என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இந்த வளர்ச்சி புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம். புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பக்கத்தில் தொடங்குகிறது. குழாய்க்குத் தொலைவில் இருப்பதால் ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் தராது. அதனால் தொந்தரவு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற நம் வழக்கமான கணக்கு இந்த நோயில் செல்லாது.

மாமாவுக்கு அப்படித்தான் தற்செயலாகத் தெரிந்தது. சதை வளர்ச்சிக்காகப் போன இடத்தில் ரத்தத்தில் பிஎஸ்ஏ பார்த்தார்கள். 14 என்று வந்தது. பிஎஸ்ஏ என்பது இந்தச் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் சரி என்பது பழைய எல்லைக்கோடு. ஆனால் அந்த எண் ஏறியதாலேயே புற்றுநோய் என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும், டியூப் போட்டு எடுத்திருந்தாலும் ஏறும், வெறும் சதை வளர்ச்சிக்கும் ஏறும். 4-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் பயாப்சியில் புற்றுநோய் தெரிகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சதை வளர்ச்சிக்காக ஃபினாஸ்டரைடு, டுட்டாஸ்டரைடு மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறவர்களுக்கு பிஎஸ்ஏ பாதியாகக் குறைந்து காட்டும். அவர்களுக்கு 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். ரத்தம் எடுக்கிற இடத்தில் அந்த மாத்திரையின் பேரைச் சொல்லியாக வேண்டும்.

மாமாவுக்குக் கிருமிக்கு மருந்து கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். எண் இறங்கவில்லை. எம்ஆர்ஐ எடுத்தார்கள், அதில் தெரிந்த இடத்தைக் குறிவைத்து ஊசியால் சதை எடுத்தார்கள். இந்த வரிசை சரியானது. நேராகப் பயாப்சி எடுப்பதைவிட முதலில் எம்ஆர்ஐ பார்த்துவிட்டு எடுத்தால் கவனிக்க வேண்டிய புற்றுநோய் கூடுதலாகச் சிக்குகிறது, தேவையில்லாத பயாப்சியும் குறைகிறது என்று வீரு காசிவிசுவநாதன் என்ற மருத்துவர் தலைமையில் 500 ஆண்களை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வு 2018-ல் காட்டியது.

"ஊசி போட்டுச் சதை எடுத்தா, சும்மா கெடந்தது பரவிப்போயிரும்னு மில்லுல ஒருத்தர் சொன்னாரு." இதை மாமா மட்டும் கேட்கவில்லை, ஊரே கேட்கிறது. பயாப்சியால் புராஸ்டேட் புற்றுநோய் பரவுவதில்லை. பயாப்சிக்குப் பயந்து இரண்டு வருடம் தள்ளிப் போடும்போது நோய் தன் போக்கில் பரவுகிறது. பழி மட்டும் ஊசி மேல் விழுகிறது.

இப்போது அந்த ஏழு. டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1966-ல் இந்த முறையை வெளியிட்டார். நுண்ணோக்கியில் செல்கள் எப்படி அடுக்கி நிற்கின்றன என்பதை மட்டும் பார்த்து ஓர் எண் போடுவது. பனியன் துணியை லென்ஸ் வைத்துப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன் மாமாவிடம். கண்ணிகள் ஒவ்வொன்றும் தனித்தனி வளையமாகத் தெரிந்தால் அது 3. வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பியிருந்தால் 4. வளையமே இல்லாமல் நூல் சிதறிக் கிடந்தால் 5. அதிக இடத்தைப் பிடித்திருப்பது எதுவோ அது முதல் எண், அதோடு கலந்திருப்பது இரண்டாம் எண். இரண்டையும் கூட்டுகிறார்கள். இன்று புற்றுநோய் என்று எழுதப்படுவதே 6-லிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே 6 என்பது பத்துக்கு ஆறு அல்ல, இருப்பதிலேயே சாதுவானது. 3+4 என்றாலும் 7, 4+3 என்றாலும் 7. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் சாது அதிகம், இரண்டாவதில் முரடு அதிகம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2014-ல் ஒன்றிலிருந்து ஐந்து வரை புதுப் பிரிவு வைத்தார்கள். 3+4 இரண்டாம் பிரிவு, 4+3 மூன்றாம் பிரிவு. ரிப்போர்ட்டில் இரண்டும் எழுதியிருக்கும்.

"அப்ப நான் மூணு."

"ஆமாங்க மாமா. நடுவுல, கொஞ்சம் மேல் பக்கமா."

அவர் முகம் சற்றுத் தெளிந்தது. பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. எல்லாரும் கேட்பது, டாக்டரிடம் மட்டும் கேட்கத் தயங்குவது. எத்தனை வருசம்?

அதற்கு நாலு விவரம் வேண்டும். பிஎஸ்ஏ எவ்வளவு, கிளீசன் எவ்வளவு, சுரப்பியின் ஓட்டைத் தாண்டியிருக்கிறதா, எலும்புக்கோ நிணநீர்க் கட்டிகளுக்கோ போயிருக்கிறதா. முதல் மூன்றும் ஃபைலில் இருந்தன, கட்டி சுரப்பிக்குள்ளேதான் இருப்பதாக எம்ஆர்ஐ சொன்னது. நாலாவதற்காகத் திங்கட்கிழமை எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அமெரிக்கக் கணக்குப்படி, நோய் சுரப்பிக்குள்ளோ அதன் அக்கம்பக்கத்திலோ இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருக்கும் வாய்ப்பு, அதே வயதில் நோயில்லாத ஆண்களுக்கு இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம், நூற்றுக்கு நூறை ஒட்டி. தொலைவில், பெரும்பாலும் எலும்பில், பரவிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு அது மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். ஐந்து ஆண்டு என்பது ஆயுளுக்குப் போட்ட கெடு அல்ல, கணக்கெடுக்க வசதியாக வைத்த ஒரு மைல்கல். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத்தான் நான் மாமாவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நம் ஊரில் இடுப்பு வலிக்கு வருடக்கணக்கில் தைலம் தேய்த்து, எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்து, அங்கிருந்து வந்து சேர்கிறவர்கள் மிக அதிகம். நோய் நம்மிடம் கொடூரமாக இல்லை, நாம் அதைப் பார்ப்பது பிந்துகிறது.

நெல்சன் மண்டேலாவுக்கு இந்த நோய் தெரிந்தது 2001-ல், எண்பத்து மூன்றாவது வயதில். ஏழு வாரம் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டார். 2013-ல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார், அதுவும் நுரையீரல் தொற்றால் அவதிப்பட்டு. அவர் நாட்டுக்காரரான டெஸ்மண்ட் டூட்டுவுக்கு 1997-ல் தெரிந்தது, 2021 டிசம்பர் வரை இருந்தார். சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ சியன் லூங் 2015 பிப்ரவரியில் தனக்கு இந்த நோய் இருப்பதையும், எடுத்த 38 சதைத் துணுக்குகளில் ஒன்றில்தான் புற்றுநோய் தெரிந்தது என்பதையும் நாட்டுக்கே அறிவித்துவிட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார். ஒரு நாட்டின் பிரதமர் வெளியில் சொல்லக்கூடியதை நாம் வீட்டுக்குள் சொல்லலாம்.

திங்கட்கிழமை ஸ்கேன் சுத்தமாக வந்தால் என்ன வழிகள்? ஒன்று, உடனே எதுவும் செய்யாமல் கண்காணிப்பது. இங்கிலாந்தில் 1,643 ஆண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கண்காணிப்பு, ஒரு பகுதிக்கு அறுவை, ஒரு பகுதிக்குக் கதிர்வீச்சு என்று கொடுத்துப் பதினைந்து ஆண்டு தொடர்ந்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு, மூன்று பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு மட்டும் நோய் பரவியது சற்று அதிகம்: நூற்றுக்கு ஒன்பது பேருக்கு மேல், மற்ற இரண்டிலும் ஐந்து வாக்கில். ஆனால் அந்த ஆண்களில் பெரும்பாலோருக்குச் சாதுவான நோய். 3+3 உள்ளவருக்குக் கண்காணிப்பு மிக நல்ல வழி, 3+4-ல் சிலருக்கும் பொருந்தும். 4+3 வந்த மாமாவுக்கு அது சரிவராது. இந்த ஆய்விலிருந்து அவர் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. முடிவெடுக்கச் சில வாரம் அவகாசம் இருக்கிறது, இரண்டு டாக்டர்களைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஆறு மாதம் வேறு ஏதாவது சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பதற்கு மட்டும் இடமில்லை.

அறுவை என்றால் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டு, மூத்திரப் பையையும் குழாயையும் நேராகச் சேர்த்துத் தைப்பது. ஒன்றிரண்டு வாரம் டியூப் இருக்கும். புதுச்சேரி ஜிப்மரில் படித்து அமெரிக்கா போன மணி மேனன் என்ற அறுவை மருத்துவர்தான் டெட்ராய்ட்டில் இதை ரோபோ கை கொண்டு செய்யும் முறையை 2000-க்குப் பிறகு வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். இன்று கோவையிலும் ரோபோ வந்துவிட்டது. ரோபோவில் ரத்தம் குறைவாகப் போகும், சீக்கிரம் வீடு திரும்பலாம். புற்றுநோயைக் குணமாக்குவதில் திறந்து செய்யும் அறுவையைவிட அது மேல் என்று நிரூபணமில்லை. ரோபோவுக்காக வயலை விற்க வேண்டாம். வருடத்துக்கு எத்தனை புராஸ்டேட் அறுவை செய்கிறீர்கள் என்று டாக்டரிடம் கேட்பது, என்ன மிஷின் என்று கேட்பதைவிடப் பயன் தரும்.

அறுவைக்குப் பின் மூத்திரம் ஒழுகும். அந்த இங்கிலாந்து ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களில் ஆறாம் மாதத்தில் 46 சதவீதம் பேர் பேட் வைத்திருந்தார்கள், ஆறாம் ஆண்டில் 17 சதவீதம். அதற்கென்று இடுப்புத் தசைப் பயிற்சி இருக்கிறது, அறுவைக்கு முன்னாலேயே கற்றுக்கொண்டால் நல்லது. இன்னொன்றும் உண்டு. அதை மாமா கேட்கவில்லை, நானே சொன்னேன். விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன. அமெரிக்க மருத்துவர் பேட்ரிக் வால்ஷ் 1982-ல் அந்த நரம்புகளை விட்டுவைத்து அறுக்கும் வழியைக் காட்டினார். ஆனாலும் அறுபத்தெட்டு வயதில், சர்க்கரையும் இருக்கும்போது, பழையபடி திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது. கதிர்வீச்சிலும் மெல்ல மெல்லக் குறையும். மாமா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் உங்க அத்தைகிட்ட எப்படிப் பேசறது" என்றார். டாக்டரைப் பார்க்க அடுத்த முறை போகும்போது அத்தையையும் கூட்டிப் போங்கள், டாக்டர் பேசுவார், அது அவர்கள் தினமும் செய்கிற பேச்சு என்றேன். அத்தைக்குத் தெரியாமல் எடுக்கிற எந்த முடிவும் அத்தையின் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் மாற்றுகிறது.

அடுத்தது, நாம் கரண்ட் வைக்கிறது என்று சொல்கிற கதிர்வீச்சு. நோயைக் கட்டுப்படுத்துவதில் அறுவைக்கு இணையானது. மயக்கம் இல்லை, கத்தி இல்லை, ஒரு தடவைக்கு மேஜையில் படுத்திருப்பது சில நிமிடம்தான். மூத்திரம் எரியலாம், மலத்தில் ரத்தம் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும், சிலருக்கு வருடங்கள் கழித்துத் தலைகாட்டும். உடுமலைக்காரருக்கு இதில் உண்மையான சங்கடம் சாலை. கோவை இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். உக்கடத்தில் இறங்கி மருத்துவமனை போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும், திரும்ப அதே அளவு. பழைய முறையில் வாரம் ஐந்து நாள் என்று 37 நாட்கள், ஏழரை வாரம். கணக்குப் போட்டால் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பஸ். பாதியில் நிறுத்திவிட்டவர்கள் உண்டு. நோய்க்குப் பயந்து நிறுத்தவில்லை, பஸ்ஸுக்குச் சலித்து நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

அதனால்தான் இந்தச் செய்தியை ஒவ்வொரு வெளியூர் நோயாளியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் 3,216 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. ஒரு நாளைய அளவைக் கூட்டி 20 நாட்களில் முடித்தவர்கள், 37 நாட்கள் எடுத்துக்கொண்டவர்களுக்குக் குறையாமல் இருந்தார்கள்: ஐந்து ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 20 நாளில் 90.6 சதவீதம், 37 நாளில் 88.3. இப்போது பொருத்தமானவர்களுக்கு ஐந்தே தடவையில் முடிக்கும் முறையும் வந்திருக்கிறது, அதன் ஐந்தாண்டு முடிவு 2024-ல் வெளியாகிச் சமமாகவே நின்றது. எல்லா மிஷினிலும் அதைச் செய்ய முடியாது. ஆனால் "எனக்கு 20 நாளில் முடிக்க முடியுமா?" என்பது உடுமலையிலிருந்து வருகிறவர் கூச்சமில்லாமல் கேட்க வேண்டிய கேள்வி. நம் நாட்டு ஆராய்ச்சியும் இதில் பின்தங்கவில்லை. முரட்டு வகை நோய் உள்ளவர்களுக்குச் சுரப்பிக்கு மட்டும் வைப்பதைவிட இடுப்புக்கூட்டின் நிணநீர்க் கட்டிகளுக்கும் சேர்த்து வைத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 224 பேரை வைத்து 2021-ல் காட்டியதை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள்.

கதிர்வீச்சுக்குப் போகும்போது மூத்திரப் பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் குடல் மேலே தள்ளி நிற்கும். தண்ணீரைப் பஸ்ஸில் குடிக்க வேண்டாம், அங்கே போய் டெக்னீஷியன் சொல்லும் நேரத்தில் குடித்தால் போதும். இந்த வயதில் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் நிற்கிற வேதனை எதற்கு?

மாமாவின் பிரிவுக்குக் கதிர்வீச்சோடு ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியும் நாலிலிருந்து ஆறு மாதம் சேர்ப்பார்கள். இன்னும் முரடானவர்களுக்கு ஒன்றரை முதல் மூன்று ஆண்டு. இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நோய் பரவாதவருக்குக் குறிப்பிட்ட காலம் மட்டும் போடும் இந்த ஊசி போதுமானது. பரவாத நிலையிலேயே ஊசிக்குப் பதிலாக விதையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும்.

செலவு பற்றி மாமா கேட்பதற்குள் நான் சொன்னேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. புற்றுநோய் அறுவை, கதிர்வீச்சு, கீமோ அதில் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு திருப்பூர் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். கார்டு வாங்கிய பிறகு சிகிச்சை தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டுக் கார்டுக்கு அலையக் கூடாது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கதிர்வீச்சுப் பிரிவு இருக்கிறது. உக்கடத்திலிருந்து அது பக்கம்தான்.

"சரி மாப்ள. எலும்புல இருந்துட்டா?"

இந்தக் கேள்விக்குப் பதில் இருபது வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் சிறியதாக இருந்திருக்கும். இன்றைக்கு அப்படி இல்லை. 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோன் இல்லாவிட்டால் இந்தப் புற்றுநோய் வாடிவிடுகிறது என்று காட்டினார். எலும்பு வலியால் படுக்கையில் கிடந்தவர்கள் விதையை எடுத்ததும் சில நாட்களில் வலி அடங்கி எழுந்தார்கள். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் பரவிய நோய்க்கு அடித்தளம் அதுதான். விதையை எடுக்கிறோம், அல்லது மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு ஊசி போட்டு விதையின் வேலையை நிறுத்துகிறோம். ஆயுள் விஷயத்தில் இரண்டும் சமம்.

ஊசியா, அறுவையா என்பது நம் பக்கத்துக் குடும்பங்களைப் பிளக்கிற கேள்வி. ஊசிக்கு ஆயுள் முழுக்கச் செலவு உண்டு, தேதி தவறக் கூடாது. வேண்டுமென்றால் நிறுத்திக்கொள்ளலாம். அறுவை ஒரே தடவை, சின்ன அறுவை, அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வரலாம், ஒரு நாளுக்குள் ஹார்மோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். திரும்ப வராது. விதைப் பையை அப்படியே விட்டு உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வருமானம் குறைந்த ஒருவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசிக்குப் பணம் புரட்ட முடியாமல் இரண்டு ஊசி தவறவிடுவதைவிட இந்த அறுவை எவ்வளவோ மேல். அதைச் செய்துகொண்டவர் ஆண்மை குறைந்தவர் என்று ஊரில் பேசினால் பேசுகிறவர்களுக்கு நோய் புரியவில்லை. ஊசி போட்டாலும் உடம்புக்குள் நடப்பது அதுவேதான். இது என் உறுதியான கருத்து. ஆனால் முடிவு நோயாளியுடையது, மகன்களுடையது அல்ல.

ஊசியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு எச்சரிக்கை. வழக்கமான ஊசி முதல் வாரத்தில் ஹார்மோனைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுத்தான் இறக்கும். அந்த ஏற்றத்தில் முதுகெலும்பில் உள்ள நோய் வீங்கலாம். அதனால் முன்கூட்டியே பைகாலுட்டமைடு மாத்திரையைத் தொடங்கிச் சில வாரம் கொடுப்பார்கள். எந்த ஊசியாக இருந்தாலும் சரி, எலும்பில் நோய் உள்ளவருக்குக் கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ, மூத்திரம் மலம் திடீரென்று நின்றாலோ, படுத்தால் முதுகு வலி கூடினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே கோவைக்குப் போக வேண்டும். ஒரு நாள் தாமதம் நடக்கிற ஆளைப் படுக்கையாக்கிவிடும்.

அடித்தளத்தின் மேல் இப்போது இன்னொரு மருந்து சேர்க்கிறார்கள், அதுதான் கடந்த பத்து வருடத்து மாற்றம். 2017-ல் வெளியாகி, 2019-ல் இறுதி முடிவு வந்த ஆய்வில், பரவிய, முரடான நோய் உள்ள 1,199 பேரில் ஊசியோடு அபிராட்டரோன் மாத்திரையும் சேர்த்தவர்களில் பாதிப்பேர் 53 மாதத்தைத் தாண்டினார்கள், ஊசி மட்டும் போட்டவர்களில் பாதிப்பேர் 36 மாதத்தைத் தாண்டினார்கள். அபிராட்டரோன் இந்தியாவிலேயே பல கம்பெனிகள் செய்வதால் விலை இறங்கியிருக்கிறது. வழக்கமான அளவு வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம். சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்தில் பல மடங்கு ஏறும். அதைப் பயன்படுத்தி 250 மில்லிகிராமைக் கொழுப்பு குறைந்த காலைச் சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்தார்கள். பிஎஸ்ஏவைக் குறைப்பதில் அது பின்வாங்கவில்லை என்று 2018-ல் 72 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு சொன்னது. ஆயுளை அது அளக்கவில்லை. இருந்தாலும் முழு அளவு வாங்க முடியாதவருக்கு மருந்தே இல்லாமல் இருப்பதைவிட இது வழி. டாக்டர் எழுதினால் மட்டும். தானாக அளவைக் குறைத்துக்கொண்டாலோ, முழு அளவைச் சாப்பாட்டோடு விழுங்கினாலோ ஆபத்து. கூடவே ஸ்டீராய்டு மாத்திரையும் தருவார்கள், அதில் மாமா போன்றவர்களுக்குச் சர்க்கரை ஏறும்; அபிராட்டரோனால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் இந்த மாத்திரைகளைக் காட்ட வேண்டும்.

மருந்து கேட்கிறதா என்பதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஊசி தொடங்கி ஏழாம் மாதம் பிஎஸ்ஏ எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது. புது மாத்திரைகள் வருவதற்கு முன்னால் நடந்த ஓர் ஆய்விலேயே, 0.2-க்கோ அதற்குக் கீழோ இறங்கியவர்களில் பாதிப்பேர் 75 மாதத்தைத் தாண்டினார்கள், 4-க்கு மேலேயே நின்றவர்களில் பாதிப்பேர் 13 மாதத்தோடு முடிந்தார்கள். நோய் ஒன்றுதான், இரண்டு பேருக்கு இரண்டு விதம். அதனால் பக்கத்து ஊர்க்காரர் எட்டு மாதத்தில் போனார் என்ற செய்தியை நம் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் படிக்கக் கூடாது. பிரான்ஸ் அதிபர் மித்தரானுக்கு 1981-ல், பதவியேற்ற சில மாதங்களில், எலும்பில் பரவிய நிலையில் தெரிந்தது. அன்றைக்கு இருந்த மருந்துகளோடு பதினாலு வருடம் ஆட்சி நடத்திவிட்டு 1996 ஜனவரியில்தான் இறந்தார். பெரும்பாலோருக்கு அவ்வளவு கிடைக்காது, ஆனால் அப்படியும் நடக்கிறது. ஊசி கேட்காமல் போகும் காலம் வந்தால் கீமோ இருக்கிறது, என்சாலுட்டமைடு மாத்திரை இருக்கிறது, சிலருக்கு லூட்டீசியம் என்ற கதிர்வீச்சு மருந்து இருக்கிறது. அதை இன்றைக்கே சுமக்க வேண்டியதில்லை என்று மாமாவிடம் விட்டுவிட்டேன்.

ஹார்மோன் இறங்கினால் உடம்பு சூடேறி வியர்க்கும், வயிறு போடும், தசை குறையும், எலும்பு மெலியும். தினமும் நடக்க வேண்டும், கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டும். எலும்பைப் பலப்படுத்தும் ஊசி போடுவதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்து ஆடுகிற பல்லை எடுத்துவிட வேண்டும். பிறகு எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

டீக்கடைக்காரர் அடுத்த டீயை வைத்தபோது மாமா, "இதெல்லாம் சாயத் தண்ணியாலதான் வருதோ?" என்றார். திருப்பூர் மாவட்டத்தில் எந்த நோய் வந்தாலும் எழும் கேள்வி இது. சாயக் கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நடந்ததை நானும் மன்னிக்கவில்லை. ஆனால் இந்த நோய்க்கு அதைக் காரணம் காட்ட ஆதாரமில்லை. இதற்கு உறுதியாகத் தெரிந்த காரணங்கள் வயது, குடும்பம், இனம். உலகத்தில் ஆயுள் கூடக்கூட இந்த நோய் கூடும். 2020-ல் 14 லட்சமாக இருந்த புது நோயாளிகள் 2040-ல் 29 லட்சமாகும் என்று லான்செட் ஆணையம் 2024-ல் கணித்தது.

குடும்பம் என்றதும் மாமா நிமிர்ந்தார். அவருடைய அண்ணனும் கடைசியில் மூத்திரம் அடைத்து, இடுப்பு விழுந்துதான் போனார். என்ன நோய் என்று யாரும் பேர் சொல்லவில்லை. அதை டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் வாய்ப்பு இரண்டு மடங்கு. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ என்ற மரபணுப் பழுதும் இந்த நோயைக் கொண்டுவரும், அது மகள்களுக்கும் போகும். எலும்பில் பரவியிருந்தால் அந்தச் சோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

"என்ற பையனுக்கு நாப்பத்தஞ்சு நடக்குது. பனியன் கம்பெனில ஷிப்மென்ட் ஷிப்மென்ட்டுனு ஓடீட்டிருக்கறான், அவங்கிட்டச் சொல்லி வேற பயமுறுத்தோணுமா?"

நாற்பத்தைந்துதான் அவன் பிஎஸ்ஏ பார்க்கத் தொடங்க வேண்டிய வயது என்றேன். ரத்தச் சோதனைதான், சாப்பிட்டுவிட்டும் கொடுக்கலாம். அதற்கு முந்தைய இரண்டு நாள் சைக்கிள் ஓட்டக் கூடாது, மனைவியோடு சேரக் கூடாது, மூத்திரம் எரிந்தால் அது ஆறிய பிறகு பார்க்க வேண்டும். திங்கட்கிழமை ஸ்கேனுக்கு அவனையும் லீவு போட்டு வரச் சொல்லுங்கள், உங்கள் ஸ்கேன் முடிகிற நேரத்தில் அவனும் ரத்தம் கொடுத்துவிடட்டும் என்றேன். மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகன் நம்பரைத் தேடினார்.